எதிர்வீட்டில் அடி விழுகிறது. ஊராட்சி என்ன செய்ய முடியும்?

திருவாரூர் மாவட்டத்தின் ஒரு கிராமத்திலிருந்து வந்திருக்கிறது இந்தக் கடிதம். எழுதியவருக்கு வயது 46. ஐந்து ஆண்டுகள் வார்டு உறுப்பினராக இருந்து, பதவிக்காலம் முடிந்து, இப்போது ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநராக இருக்கிறார். அவருடைய எதிர்வீட்டில் 27 வயதுப் பெண் ஒருத்தி. ஆறு வயதில் மகள், இரண்டு வயதில் மகன். கணவர் நெல் கொள்முதல் நிலையத்தில் லோடுமேன். கொள்முதல் நடக்கும் மாதங்களில் கையில் காசு புரளும். மற்ற மாதங்களில் அலைச்சல்தான். அடி மட்டும் இரண்டு காலத்திலும் விழுகிறது. குடியிருப்பது மாமியார் பெயரில் உள்ள தொகுப்பு வீடு. அந்தப் பெண்ணுக்கு வரும் 1000 ரூபாய் உரிமைத் தொகையை எடுக்கும் ஏ.டி.எம். கார்டு கணவரின் சட்டைப்பையில் இருக்கிறது.

கடிதத்தில் ஓர் இடத்தை அப்படியே தருகிறேன். “மார்கழியில் ஒரு ராத்திரி நெற்றி கிழிந்து வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள். சின்னவன் இடுப்பில். பெரியது தன் பள்ளிக்கூடப் பையை நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தது. இந்த நேரத்தில் பை எதற்கடி என்று கேட்டேன். ‘அப்பா கிழிச்சிடுவாரு’ என்றது.”

மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். ஆண்கள் உள்ளே உட்கார்ந்து பேச, அந்தப் பெண் வெளியே புங்கமரத்தடியில் நின்றாள். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். “இனி மனைவியை அடிக்க மாட்டேன்” என்று அவர். “கணவரைக் கேட்காமல் தாய்வீடு போக மாட்டேன், போலீசுக்கும் போக மாட்டேன்” என்று அவள். இருபது நாளில் மறுபடி அடி.

வாசகியின் கேள்விகள் இவை. பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகு அவள் போலீசுக்குப் போக முடியுமா? அவளே வாய் திறக்காதபோது நான் சொல்லலாமா? “அடுத்த வீட்டு விவகாரம், நம் மேலேயே கேஸ் போட்டுவிடுவான்” என்று என் கணவர் தடுக்கிறார். அந்தப் பெண்ணோ, “அவரை உள்ளே வைத்துவிட்டால் பிள்ளைகளுக்கு யாரு?” என்கிறாள். ஊராட்சிக்கு இதில் அதிகாரம் உண்டா? டாஸ்மாக் கடையை எடுத்தால் தீருமா? பதவியும் இல்லாத நான் என்ன செய்வது?

அன்புச் சகோதரிக்கு,

அன்றிரவு நீங்கள் கதவைத் திறந்தீர்கள். அந்தப் பெண் ஓடிவர ஓர் இடம் இருந்தது. “நான் ஒன்றும் செய்யவில்லையே” என்று கடிதத்தில் வருந்தியிருக்கிறீர்கள். ஆனால் முதலில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டீர்கள். இனி செய்ய வேண்டியதைப் பேசுவோம்.

அந்தப் பத்திரம்

நேராகச் சொல்கிறேன்: அது அந்தப் பெண்ணைக் கட்டுப்படுத்தாது. சட்டத்துக்குப் புறம்பான அல்லது பொதுநலக் கொள்கைக்கு எதிரான நோக்கம் கொண்ட ஒப்பந்தம் செல்லாது என 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 23ஆம் பிரிவில் சொல்கிறது. கட்டப் பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொன்னது. அது தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கு. ஆகவே, “எழுதிக் கொடுத்துட்டியே, இனி எப்படிப் போவே” என்று யாராவது அவளை மிரட்டினால், அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

ஆனால் அதைக் கிழித்துப் போட்டுவிட வேண்டாம். “இனி அடிக்க மாட்டேன்” என்று கணவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதுவரை அடித்ததை ஒப்புக்கொண்டதாகத்தான் அதை ஒரு வழக்கறிஞர் படிப்பார். யாரிடம் அந்தப் பத்திரம் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

பெரியவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. குடும்பம் பிரியக் கூடாது என்ற கவலை அவர்களுக்கு இருந்திருக்கும். ஆனால் யாருக்கு அடி விழுந்ததோ அவளை மரத்தடியில் நிறுத்திவிட்டு உள்ளே பேசி முடித்தது சமாதானம் ஆகாது. அடித்தவனிடம் ஒரு வாக்கு வாங்கினார்கள், அடிபட்டவளிடம் இரண்டு. அவள் போகக்கூடிய இரண்டு இடங்களையும், தாய்வீட்டையும் காவல் நிலையத்தையும், அந்த ஒரே தாளில் அடைத்துவிட்டார்கள். இருபது நாளில் அவர் மறுபடி கை ஓங்கியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

யார் சொல்லலாம்

பாதிக்கப்பட்டவர்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 அப்படிச் சொல்லவில்லை. வன்முறை நடந்தது, நடக்கிறது, நடக்கக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள எவரும், இந்தச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். இது 4ஆம் பிரிவு. உங்கள் வீட்டுக்காரரின் பயத்துக்கும் அங்கேயே பதில் இருக்கிறது: நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மேல் அதற்காக சிவில் பொறுப்போ கிரிமினல் பொறுப்போ வராது. இந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

சொல்ல உரிமை இருக்கிறது என்பதற்காக அவளைக் கேட்காமல் சொல்லிவிடலாமா என்றால், உயிருக்கு ஆபத்தான நேரம் தவிர மற்ற நேரத்தில் வேண்டாம் என்பேன். நாளைக் காலை அதே வீட்டில் இருக்கப் போகிறவள் அவள். எப்போது போகலாம், எதற்குப் பயப்பட வேண்டும் என்பது நம்மைவிட அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாமல் அதிகாரிகள் வந்து கதவைத் தட்டினால், அவர்கள் போன பிறகு அந்த வீட்டுக்குள் நடப்பதை அவள்தான் தாங்க வேண்டும். அதே நேரம், ராத்திரி அலறல் கேட்டால் யோசிக்காமல் அவசர உதவி எண் 112ஐ அழையுங்கள். அப்போது யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

“அவரை உள்ளே வைத்துவிட்டால்?”

பெண்களை வாயடைக்க வைக்கும் கேள்வி இதுதான். என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நாற்காலியில் உட்காரும் முன்பே இதைக் கேட்டுவிடுகிறார்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனுப் போட்டவுடன் கணவரைக் கைது செய்வதில்லை. நீதித்துறை நடுவர் முன், அதாவது மாஜிஸ்திரேட் கோர்ட்டில், உத்தரவுகள் கேட்கிற வழி அது. அடிக்கக் கூடாது, நெருங்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு. வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்ற குடியிருப்பு உத்தரவு. அவளுக்கும் பிள்ளைகளுக்கும் செலவுத் தொகை. பிள்ளைகள் தற்காலிகமாக அவளிடமே இருக்க உத்தரவு. பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம்.

அடி, உதை, கொடுமைக்குத் தனியாகக் குற்ற வழக்கும் இருக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ என்று சொல்வோமே, அது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதாவின் 85ஆம் பிரிவு. இரண்டில் எதை எடுப்பது, இரண்டையும் எடுப்பதா என்பது அவள் முடிவு. குற்ற வழக்கு வேண்டாம் என்பதற்காகப் பாதுகாப்பு உத்தரவையும் கைவிட வேண்டியதில்லை.

வீடு மாமியார் பெயரில் இருப்பதால் அவளுக்கு உரிமையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் சரியல்ல. கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடாக இருந்தாலும், மருமகள் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் அது “பகிர்ந்து வாழும் இல்லம்” ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. வீட்டில் பங்கு கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை. சட்டப்படியான நடைமுறை இல்லாமல் ராத்திரியோடு ராத்திரியாக வெளியே தள்ள முடியாது என்று அர்த்தம். ஏ.டி.எம். கார்டைப் பிடுங்கி வைப்பதும் வன்முறைதான். சட்டத்தின் 3ஆம் பிரிவு பொருளாதார வன்முறையையும் அடியோடு சேர்த்தே எண்ணுகிறது.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் மாதக்கணக்கில் இழுக்கிறது. அதனால்தான் மனுவோடு சேர்த்தே 23ஆம் பிரிவின்படி இடைக்கால உத்தரவு கேட்கச் சொல்கிறேன். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்ற கவலை வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

குடிதான் காரணமா?

கடையை எடுக்கச் சொல்லி மனுக் கொடுங்கள், தவறில்லை. பெண்கள் நடக்கும் பாதையில் கடை இருந்தால் அது கட்டாயம் பேச வேண்டிய விஷயம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குடித்த பிறகும் அவர் மேஸ்திரியை அடிப்பதில்லை, டீக்கடைக்காரரை அடிப்பதில்லை. தெருவெல்லாம் அமைதியாக நடந்து வந்து, வீட்டுக்குள் நுழைந்து, கதவைச் சாத்திய பிறகுதான் அடிக்கிறார். குடி இல்லாத நாளிலும் அடித்திருக்கிறார் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. கேட்க யாரும் இல்லை என்ற தெம்பு அவருக்கு இருக்கிறது. அந்தத் தெம்பைக் குறைக்க ஊராட்சியால் முடியும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

அவளோடு தனியாகப் பேச ஓர் இடம் வேண்டும். உங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்தால் மாமியாருக்குச் சந்தேகம் வரும். சின்னவனை அங்கன்வாடிக்குக் கூட்டி வருவதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அங்கே வைத்து, உங்கள் போனிலிருந்து 181ஐ அழைத்து அவளிடம் கொடுங்கள். தமிழ்நாட்டில் 2018 முதல் 24 மணி நேரமும் இயங்கும் பெண்கள் உதவி எண் அது. நீங்கள் பேசாதீர்கள், அவள் பேசட்டும். பேசி முடித்த பிறகும் “ஐயோ, வேண்டாம்” என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் முறையே கிளம்பிவிடும் பெண் அபூர்வம். அவள் மூன்றாம் முறை கேட்கும்போதும் நீங்கள் அதே முகத்தோடு இருக்க வேண்டும்.

மாவட்டந்தோறும் சகி என்ற ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. மருத்துவ உதவி, காவல்துறைத் தொடர்பு, சட்ட ஆலோசனை, மனநல ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில். ஐந்து நாள் வரை பிள்ளைகளோடு தங்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் தங்கும் இல்லத்துக்கு அவர்களே அனுப்புவார்கள். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால், கார்டு அவர் கையில் இருந்தாலும் வட்டத் தலைமையிடம் வரை போய்ச் சேர வழி இருக்கிறது.

அடுத்த முறை காயம்பட்டால் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்; மருத்துவரிடம் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், என்னிடம் வந்த ஒரு பெண் மூன்று வருடத்து ஓ.பி. சீட்டுகளை மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருந்தாள். ஒவ்வொன்றையும் மேசைமேல் பிரித்து வைத்தோம். “கொல்லையில் வழுக்கி விழுந்தது.” “படியில் தவறி விழுந்தது.” “மாடு முட்டியது.” கூட வந்த மாமியார் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்கள். ஏழு சீட்டில் ஒன்றில்கூடக் கணவர் பெயர் இல்லை. அவள் கை எலும்பு முறிந்தது உண்மை, அதை நிரூபிக்கத்தான் நாங்கள் படாத பாடுபட்டோம். “கணவர் அடித்தார்” என்று பதிவேட்டில் ஏறினால், அந்த ஏ.ஆர். காப்பி, அதாவது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், பின்னால் பேசும்.

கிளம்ப நினைக்கும் நாட்கள்தான் மிக ஆபத்தானவை. அவள் திட்டம் உங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரிய வேண்டாம், குழுவில்கூட. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, நகை அடகுச் சீட்டு ஆகியவற்றின் நகல்கள் உங்கள் வீட்டில் இருக்கட்டும். அவரைக் கூப்பிட்டு நீங்கள் கண்டிக்கப் போகாதீர்கள். அந்தக் கோபத்தை அவர் அவள்மேல்தான் தீர்ப்பார்.

காவல் நிலையத்துக்குப் போனால் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பக்கத்து நிலையத்திலும் கொடுக்கலாம். குற்றப் புகாரை எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, வாங்காமல் திரும்பாதீர்கள். அங்கேயும் “பேசி அனுப்பிவிடுகிறோம்” என்றால், பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம். அவர் மாவட்ட சமூக நலத்துறையின் கீழ் வருபவர். உங்கள் ஒன்றிய அலுவலகத்தில் ஊர்நல அலுவலர் மூலமும் அவரை அணுகலாம். அவர் குடும்ப வன்முறை நிகழ்வறிக்கை தயாரித்து நடுவருக்கு அனுப்புவார். ஒரே அலுவலர் மாவட்டம் முழுக்க ஓட வேண்டியிருப்பது நெடுநாள் குறை. சமூக நலம், பெண்கள் மேம்பாட்டுத் துறை அலுவலர்களிலிருந்து வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை அறிவிக்கும்படி 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. உங்கள் வட்டத்துக்கு யார் என்று எழுத்தில் கேளுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கேட்கலாம்.

ஊராட்சி செய்யக்கூடியது

பதவி போய்விட்டது என்கிறீர்கள். ஊர் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். அதை யாரும் உங்களிடமிருந்து எடுக்கவில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் நீங்கள் எழுந்து பேசலாம், தீர்மானம் கேட்கலாம். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் இது பொருந்தும்.

அடிதடி வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல ஊராட்சிக்கு அதிகாரம் இல்லை. இல்லாததே நல்லது. ஊராட்சியிடம் வேறு பலம் இருக்கிறது: எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியும். கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகப் போகிறார். அங்கன்வாடிப் பணியாளர் தினமும் தாய்மார்களைப் பார்க்கிறார். மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் பிரஷர் மாத்திரை கொடுக்க வாசலில் நிற்கிறார். குழு வாரம் ஒருமுறை கூடுகிறது. இத்தனை பேரும் காயத்தைப் பார்க்கிறார்கள். பார்த்த பிறகு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21), தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். நாடு முழுவதும் வன்முறைக்கு ஆளானவர்களில் உதவி தேடிப் போனவர்கள் 14 சதவீதம் மட்டுமே. உங்கள் பழைய வார்டிலும் எதிர்வீடு மட்டும் இருக்காது.

ஆகவே கிராம சபையில் நான் கேட்கச் சொல்வது இவ்வளவுதான். குடும்ப வன்முறையில் இந்த ஊராட்சியின் பெயரால் யாரும் பஞ்சாயத்துப் பேசுவதில்லை, பத்திரம் எழுதி வாங்குவதில்லை; வரும் பெண்ணை 181க்கும் பாதுகாப்பு அலுவலருக்கும் சகி மையத்துக்கும் சேர்த்துவிடுவதே ஊராட்சியின் வேலை என்று ஒரு தீர்மானம். அது தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், குழுப் பிரதிநிதிகள், ஊராட்சிச் செயலர் ஆகியோருக்கு ஒருநாள் பயிற்சி. சமூக நலத்துறையிடமும் சட்டப் பணிகள் குழுவிடமும் கேட்டால் ஆள் அனுப்புவார்கள். எண்களை ரேஷன் கடைச் சுவரிலும், முக்கியமாகப் பெண்கள் சுகாதார வளாகத்தின் உட்சுவரிலும் எழுத வேண்டும். அங்கேதான் யாரும் பார்க்காமல் ஒரு பெண் எண்ணை மனப்பாடம் செய்ய முடியும். வாய்க்கால் கரைப் பாதையிலும் பேருந்து நிறுத்தத்திலும் விளக்கு எரிய வேண்டும். ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தின் ஒன்பது கருப்பொருள்களில் பெண்கள் நேய ஊராட்சியும் ஒன்று; ஆகவே இதற்கு நிதி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

கேட்கும்போது எதிர்வீட்டுப் பெண்ணின் பெயரையோ, ஊகிக்க வைக்கும் அடையாளத்தையோ சொல்லிவிடாதீர்கள். தீர்மானத்தை நீங்கள் தனியாக எழுந்து கேட்பதைவிட, குழுப் பெண்கள் பத்துப் பேர் முன்வரிசையில் உட்கார்ந்து சேர்ந்து கேட்பது நல்லது. கோயில் மண்டபத்தில் பேசிய பெரியவர்களில் ஒருவரையாவது முன்கூட்டியே பார்த்து, பத்திரத்துக்கு அப்புறமும் அடி விழுந்ததைச் சொல்லிவையுங்கள். அவர்களில் யாராவது ஒருவர் “நாம் பேசியது போதாது” என்று சபையில் சொன்னால், தீர்மானத்துக்கு எதிர்ப்பு குறையும்.

கடைசியாக, பையைக் கட்டிப் பிடித்திருந்த அந்த ஆறு வயது மகளைப் பற்றி. அடியைப் பார்த்து வளரும் குழந்தைக்கும் காயம் உண்டு. சகி மையத்தில் அவளையும் ஆலோசகரிடம் பேச வையுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. வகுப்பு ஆசிரியையிடம் அவளை மட்டும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளச் சொல்லுங்கள், காரணம் விளக்க வேண்டியதில்லை. அப்புறம், அவளுடைய புத்தகங்கள் உங்கள் வீட்டிலேயே ஓர் அலமாரியில் இருக்கட்டும். சாயங்காலம் வந்து உங்கள் திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிவிட்டுப் போகட்டும்.